அடுத்த வீட்டு உறுமல்

மூத்த மாப்பிள்ளையின் லாரி ஓடத்தான் செய்தது. இருமி, தும்மி, கரும்புகை கக்கி ஓடியது. ஆனால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், இளைய மாப்பிள்ளையின் லாரி தினமும் காலையில் சீராக உறுமியது. அதுதான் வினை.

மாமனார் தொழிலை விட்டபோது, வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த இரண்டு பழைய பெட்ரோல் லாரிகளை மாப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, ஓடும் எஞ்சின் மேல் பானெட்டில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்ப்பாராம். சிந்தாத வண்டியில் ஏறி ஊரைச் சுற்றுவாராம்.

"சகலை வண்டிச் சத்தத்தைக் கேளு. தாலாட்டு மாதிரி இருக்கு," என்றார் மூத்தவர்.

"நம்ம வண்டியும்தான் ஓடுதே," என்றாள் மனைவி.

"மிஸ்ஸிங் அடிச்சுக்கிட்டு ஓடுது. உங்கப்பா டம்ளரை வெச்சா தண்ணி அவர் சட்டை மேலதான் நிக்கும்."

சகலை எதை வாங்கினாலும் எரிகிற வயிறுதான் அது. இந்த முறை கொழுந்துவிட்டு எரிந்தது.

அடுத்த வீட்டில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பியதும் சுவரேறிக் குதித்தார். பானெட்டைத் தூக்கினால், கார்புரேட்டர் பளபளத்தது. "தேய்ச்சே வெச்சிருக்கான், பாவி." அதைக் கழற்றி, தன்னுடையதைத் துடைத்து மினுக்கி அங்கே மாட்டிவிட்டு வந்தார்.

சகலையுடையதை மாட்டிய அவர் வண்டி முன்னைவிட மோசமாகக் குலுங்கியது.

"பிளக்கும் சேர்ந்தாத்தான் செட் ஆகும்," என்று மறுநாள் இரண்டு வண்டிப் பிளக்குகளையும் இடம் மாற்றினார். ஸ்டார்ட் ஆன கையோடு நின்றது. அதற்கடுத்த நாள் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் சுவர் தாண்டின. வண்டி 'டொக்' என்றது. அப்புறம் அதுவும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் மட்டும் அதே உறுமல்.

"என் ஓட்டைச் சாமானை மாட்டியும் ஓடுதே. அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம்," என்று பொருமினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் மூத்தவரின் பானெட்டில் டம்ளரை வைத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பலே. ஓடுற சத்தமே கேக்கலையே. வண்டியை எடுங்க மாப்பிள்ளை."

"சாவி போட்டுத்தான் இருக்கு மாமா, வண்டிதான் ஸ்டார்ட் ஆகலை," என்றார் மூத்தவர், தரையைப் பார்த்தபடி.

அப்போது அடுத்த வீட்டு கேட் திறந்தது. இருமி, தும்மி, கரும்புகை கக்கியபடி ஒரு லாரி தெருவுக்கு வந்தது. மூத்தவருக்கு நன்றாகத் தெரிந்த இருமல். அதன் மேல் வைத்த டம்ளரில் பாதி சிந்திப்போயிற்று. இருந்தாலும் ஓடுகிற வண்டி அது ஒன்றுதான். மாமனார் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சகலை ஏனோ பேயறைந்தவர் போல விழித்துக்கொண்டு போனார்.

"இத்தனை நாள் வெண்ணெய் மாதிரி ஓடுச்சே, இன்னிக்கு மட்டும் என்னவாம்?" என்றார் மூத்தவர்.

சுவரோரம் நின்ற மச்சினி குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிடாதீங்க அத்தான். உங்க வண்டி ஓடுற வயித்தெரிச்சல்ல அவர் தினமும் ஜெனரேட்டரைத்தான் போட்டு உறும விட்டாரு. எங்க வண்டி ஸ்டார்ட் ஆனதே இன்னிக்குத்தான்."