ஹென்ரிக்கின் ரத்த அழுத்தமும் பாலிசி மாமாவும்

ஒரு பொருளை வாங்குமுன், அதைச் செய்தவனுக்குக் காலையில் ஒழுங்காக வெளிக்குப் போகிறதா என்று விசாரித்த ஒரே மனிதர் சென்னையில் பாலிசி மாமாதான்.

கே.கே. நகரில் எங்கள் மாடி வீட்டுக்காரர். ஆயுள் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போனது, புத்தி போகவில்லை. தி. நகரில் கிரைண்டர் வாங்கப் போனோம். ஐந்து வருஷம் கேரண்டி என்றார் கடைக்காரர். மாமா அவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியே சார். அஞ்சு வருஷம் கேரண்டி, சரி. நீங்க இருப்பீங்களா?"

வெளியே தள்ளினார்கள். அவர் வீட்டில் இன்றைக்கும் பாக்கெட் மாவுதான்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கடலுக்கடியில் மீன் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. என்னையும் இழுத்தார். எங்கள் தெருவில் அவரை விட்டால் நீச்சல் தெரிந்த முட்டாள் நான் ஒருவன்தான். சாதாரண சிலிண்டரில் மூச்சு விட்டால் குமிழி கொப்பளிக்கும், மீன் ஓடிவிடும். ரீபிரீதர் என்று ஒரு கருவி இருக்கிறது. நாம் விட்ட மூச்சைச் சுத்தம் செய்து, ஆக்ஸிஜன் சேர்த்து நமக்கே திருப்பித் தரும். குமிழி கிடையாது. விலை கிட்டத்தட்ட ஒரு கார். ஆயுளுக்கு ஒன்றுதான் என்று அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். அது தப்பாகப் போனால் தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் ஆள் காலி. உதிரி பாகம் வேறு அடிக்கடி மாற்ற வேண்டும். ஆகவே செய்தவன் உயிரோடிருக்க வேண்டும். மாமாவுக்கு இது போதாதா?

"பெரிய கம்பெனி சாவாது நைனா. ஆனா மாடலை சாவடிச்சிடுவான். பார்ட்ஸ் கேட்டா, அது நிறுத்தியாச்சு, புதுசு வாங்குன்னுவான்."

"அப்ப சின்ன கம்பெனி?"

"மாடலை வுட மாட்டான். அவனே பூட்டான்னா?"

பெரிய கம்பெனிக்குப் போன் போட்டு, முதலாளிக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார். முதலாளி கிடையாது, பங்குதாரர்கள்தான் என்றாள் ஒரு பெண். அத்தனை பேரை எப்படிச் சோதிப்பது என்று போனை வைத்துவிட்டார்.

சின்ன கம்பெனி என்பது ஐரோப்பாவில் எங்கோ ஒரு ஷெட்டும், ஹென்ரிக் என்ற தாடிக்காரனும். அவன் மெஷின் மாமாவுக்குப் பிடித்துவிட்டது. வீடியோ காலில் மாமா ஆங்கிலத்தில் நடத்திய அநியாயத்தைத் தமிழில் தருகிறேன்.

"கையில இன்னாப்பா அது?"

"சாசேஜ்."

"கீழ வை. மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம். வால்வைப் பத்திக் கேக்கலியா?"

"உன் வால்வைத்தான் கேட்டுகினு கீறேன்."

உலகத்துக்கே மூச்சு விட மெஷின் செய்கிறவன், மாடிப்படியில் நாய் மாதிரி இரைக்கிறான். மாமா கண்டிப்பாகச் சொன்னார்: டாக்டரிடம் போய் வா, அப்புறம்தான் ஆர்டர். அதன்பிறகு வாராவாரம் போன். நடந்தாயா, உப்பைக் குறைத்தாயா, தூங்கினாயா? நான் கத்தினேன். மெஷின் வாங்குகிறீர்களா, மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான், கம்முனு இரு" என்றார்.

தொல்லை தாங்காமல் ஹென்ரிக் டாக்டரிடம் போனான். இதயக் குழாயில் அடைப்பு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஷெட்டிலேயே விழுந்திருப்பானாம். ஸ்டென்ட் வைத்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, வேலையை விடு என்றார்கள். விட்டுவிட்டான். ஷெட்டுக்குப் பூட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா டெஸ்ட் பண்ணீங்க மாமா. உலகத்துல உங்களுக்குப் புடிச்ச ஒரே மெஷின். கம்பெனியையே மூடிட்டீங்க."

"ஆளு கீறான் இல்ல?" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

கடைசியில் பங்குதாரர்களிடமே வாங்கினார். மாடலைச் சாகடிக்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் வாராவாரம் போன் மட்டும் நிற்கவில்லை. வாங்குவதற்கு அவனிடம் ஒரு திருகாணிகூட இல்லை. அந்தத் தாடிக்காரனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு, தான் நடக்கிற பாதையைக் காட்டுகிறான். வெட்கம் கெட்டவர்கள்.

புது மெஷினோடு கடலுக்குப் போனோம். தண்ணீருக்கடியில் உன் உயிருக்கு யார் பொறுப்பு, ஜோடியைச் சொல் என்று படகில் பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். நல்ல நீச்சல்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் இந்த ஆளைத்தான் காட்டினேன்.