முச்சக்தி கார்

"மேகம் வந்துடுச்சு சார். கார் நின்னுடுச்சு," என்றார் பின்சீட்டிலிருந்த ஸ்டோர் கிளார்க்.

"வரட்டுமேய்யா! வெயில் போனா பேட்டரி, பேட்டரி போனா மனுஷன். பின்கண்ணாடி முழுக்க பேனரே ஒட்டியிருக்கேன், படிக்கலையா?" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டைரக்டர். பக்கத்தில் பரிசுக் குழு அம்மையார், மடியில் மதிப்பெண் தாளோடு.

பேட்டரியும் போயிருந்தது. பேட்டரியின் பெருமை பற்றி கம்பெனி முற்றத்தில் டைரக்டர் இரண்டு மணி நேரம் பேசிய மைக் ஓடியது அதில்தான்.

"அப்ப மிதி!"

கிளார்க்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனரில் டைரக்டர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. 'மனித சக்தி' என்றும் இருந்தது. அந்த மனிதர் யாரென்று மட்டும் ஓரெழுத்து இல்லை. ஆனாலும் பெடலில் கால் வைத்தார். கார் ஓடினால் உதவி மேனேஜர் பதவி என்று டைரக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷம் ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தவருக்கு, ஜன்னல் வைத்த அறை.

கார் ஓரடி நகர்ந்து முனகியது.

"ஒத்தைக்கு முடியலையா? கணக்கரே, ஏறுங்க!"

வெளியே வேடிக்கை பார்த்து நின்ற கம்பெனிக் கணக்கர் ஏறினார். கார் நாலு விரல் கீழே இறங்கியது. பெடல் ஒன்றுதான் என்பதால் அவர் கைதட்டி உற்சாகப்படுத்தினார்: "அப்படித்தான் தம்பி, விடாதீங்க!"

"வாய மூடிட்டு இறங்குங்கய்யா!" என்று கத்தி அவரை இறக்கிவிட்டு, கிளார்க் பல்லைக் கடித்து ஓங்கி மிதித்தார். உள்ளே எதுவோ 'டொக்' என்றது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட, கார் தெருவில் இறங்கி ஓடத் தொடங்கியது. பெடல் பஞ்சாகச் சுற்றியது. கோபத்துக்கு இத்தனை பலமா என்று அவருக்கே வியப்பு. தெருவே சிரித்துச் சிரித்துக் கைதட்டியது.

ஒரு சுற்று முடித்து கார் வாசலில் நின்றது.

"மேடம், இதுக்கு உயிர் குடுத்தது நான்," என்றார் டைரக்டர்.

கிளார்க் கதவை உதைத்துக்கொண்டு இறங்கினார். "யாரு சார் உயிர் குடுத்தது? முழங்கால் யாரோடது? ஊரான் உழைப்புல பேர் வாங்க வெக்கமா இல்ல?"

அம்மையார் பேனாவை மூடினார். "அப்ப இவரைத்தானே பாராட்டணும்?"

டைரக்டர் கிளார்க்கின் தோளில் கை போட்டார். "ஆமா மேடம். அதான்... இன்னையிலேருந்து இவர் உதவி மேனேஜர்."

கிளார்க் நெஞ்சை நிமிர்த்தினார்.

காருக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கியபடி வாட்ச்மேன் வந்தார். "சார், உங்க பெடல் செயின். கேட் பக்கத்துலயே அறுந்து விழுந்துச்சு. காரைத் தள்ளிக்கிட்டே வந்ததுல குடுக்க நேரமில்ல."