சதவீதம் சார்

அடுத்தவர் படுக்கையறைக்கும் அடுத்தவர் முப்பாட்டனுக்கும் கைவசம் புள்ளிவிவரம் வைத்திருக்கும் மனித இனம் ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத்தில் இல்லையா? நன்றாகப் பாருங்கள். உணவு இடைவேளையில் நாளிதழை நாலாக மடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறாரே, அவர்தான்.

நம்முடையவர் குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஊழியர்கள் வைத்த பெயர் சதவீதம் சார். "நூத்துக்கு அறுவது பேரு, கல்யாணத்துக்கு முன்னாடியே..." என்று நிறுத்துவார். மிச்சத்தைப் புருவம் சொல்லும். எந்த நாட்டில் கேட்டார்கள், சொன்னவர்கள் உண்மையைத்தான் சொன்னார்களா? அற்பக் கேள்விகள்!

குழாய் வரைபடம் போடப் புதிதாக வந்த வரைவாளர் பெண்ணையும் விடவில்லை.

"நீ என்ன இனம்மா?"

"அப்பா ஊர்ல என்னைக் கறுப்புன்னு சொல்வாங்க சார். அம்மா ஊர்ல வெள்ளைன்னு சொல்வாங்க. இங்க படிவத்துல 'மற்றவை'."

"சரி, நிஜமா என்ன?"

"நிஜமா வரைவாளர் சார்."

அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு காலை, குடும்பநலக் கணக்கெடுப்புக்காரப் பெண் ஒருத்தி அவர் வீட்டு மணியையே அடித்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியையும், வெளியூர் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்து இரண்டு நாளாக எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டிருந்த மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இனம்?"

"கலப்பே இல்லாத சுத்தம்னு எழுதும்மா."

"உங்க பாட்டி கப்பல்ல வந்து இறங்கினவங்கன்னு அத்தை சொல்வாங்களே?" என்றார் மனைவி. "இந்த மூக்கு பின்ன எங்கேருந்து வந்துச்சாம்?"

"நீங்க உங்களை என்னன்னு சொல்லிக்கிறீங்களோ, அதைத்தான் எழுதுவோம் ஐயா. ஆதாரம் கேக்க மாட்டோம்."

"ஆதாரமே வேணாமா?" இருபது வருட உழைப்பு வீண்போனவர் மாதிரி விழித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உறவு இருந்துச்சா? இஷ்டமில்லன்னா சொல்ல வேணாம்."

"சேச்சே! எங்க காலத்துல ஏது அதெல்லாம்? இல்லன்னு போடு."

"உங்களுக்கு எப்படிம்மா?"

"ஆமான்னு போடும்மா" என்றார் மனைவி, துண்டை உதறியபடி.

சதவீதம் சார் நாற்காலி நுனிக்கு வந்தார். "யா... யாரு அது?"

"யாரா? எங்க மாடி அறையில குடியிருந்துக்கிட்டு வேலைக்குப் பரீட்சை எழுதினது யாரு?"

ஒரு நொடி நிம்மதி. மறுநொடி காது சிவந்தது. "அது நிச்சயமானப்புறம்டீ! அது கணக்குல வராது."

"நிச்சயத்துக்கு மூணு மாசம் முன்னாடி."

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே தைரியமும் வந்துவிட்டது. "அப்பா, நானும் ஒண்ணு சொல்லணும்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கணக்கெடுப்புக்காரப் பெண் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சொன்ன பதிலை மாத்தலாமா?"

"மாத்தலாம் ஐயா."

"எனக்கும் ஆமான்னு போட்டுடு." மகள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "இப்ப நீ சொல்லு."

அவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது அந்த வீட்டு விஷயம்.

ஆனால் வாசகரே, ஒன்று கேட்கிறேன். 'யாரவன், என்ன இனம், எத்தனை நாளாக?' என்று இந்த நிமிடம் உங்கள் புருவம் உயர்ந்ததே, கவனித்தீர்களா?