கழலாத கட்டு

"இனிமே தினமும் கட்டு மாத்த வேண்டியதில்லைங்கய்யா. இந்த ஜெல்லுப் பட்டையை ஒட்டினா ஒரு வாரம் அப்படியே இருக்கும். மருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே இருக்கும். பூஞ்சை திரும்பத் தலைகாட்டாது" என்றாள் நர்ஸ்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வண்டி கழுவும் பட்டறை நடத்தும் வாட்டர் சர்வீஸ்காரருக்கோ முகம் தொங்கிப்போயிற்று.

நாளெல்லாம் ஈரத்தில் நின்று வண்டி கழுவியதில் குதிகாலுக்கு அடியில் வந்த புண் அது. பட்டறையை எடுத்து நடத்த முடியாது என்று சண்டை போட்டுவிட்டுத் தனிக்குடித்தனம் போன மகன், புண் வந்த பிறகுதான் மறுபடி வீட்டுப் படியேறினான். தினமும் சாயங்காலம் வந்து பழைய பஞ்சைப் பிரித்து, மருந்து வைத்துப் புதிதாகக் கட்டுவான். பேச்சு அதிகம் கிடையாது.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா."

அவ்வளவுதான். அந்த மனுஷருக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஜெல் வந்தது. மகன் வருவது நின்றது.

போன் போட்டார். "கால் அரிக்குதுடா."

"அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்பா. தொடாம விடுங்க."

வாளித் தண்ணீரில் காலை ஊற வைத்தார். ஜெல் அசைந்து கொடுக்கவில்லை. லாரிச் சக்கரத்துச் சேற்றைப் பெயர்க்கும் பட்டறைக் குழாயைக் காலுக்கே திருப்பினார். அவர்தான் துள்ளினார், ஜெல் துள்ளவில்லை. கடைசியில் நகத்தால் நெம்பிப் பிய்த்துப் போட்டுவிட்டு, தானாக விழுந்துவிட்டது என்று நர்ஸிடம் போய் நின்றார்.

"உங்க காலுக்கு அது பத்தாது போல" என்று அவள் இன்னும் பெரிதாக ஒன்றை ஒட்டினாள். "இது ரெண்டு வாரம் தாங்கும்."

வீடு வந்து சேரும்வரை, இதைக் கண்டுபிடித்தவனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதையும் பிய்த்தார்.

"நல்லா இருக்கிற கட்டைப் பிரிக்கிறீங்களே, கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று மனைவி கத்திக்கொண்டே மகனுக்குப் போன் செய்தாள்.

மகன் பதறியடித்துக்கொண்டு வந்து, அவரை வண்டியில் உட்கார வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். நர்ஸ் குதிகாலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வெளியே போய் மகனிடம் பேசிவிட்டு வந்தாள்.

வாட்டர் சர்வீஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குப் புண்ணியமாப் போகும்மா. இந்தக் காலுக்கு ஜெல்லு ஒத்துக்கலைன்னு சொல்லிடு. பழையபடி பஞ்சு வச்சு, தினமும் மாத்தணும்னு அவன்கிட்ட சொல்லு."

"ஏங்கய்யா, உங்களுக்குத்தானே சிரமம்?"

அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

"கட்டு மாத்தணும்னாதாம்மா அவன் வீட்டுக்கு வர்றான்."

நர்ஸ் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"புண்ணு சுத்தமா ஆறிடுச்சுய்யா. இப்பதான் உங்க பையன்கிட்ட சொன்னேன், 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தினமும் கட்டு மாத்தணும்னு சொல்லுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடுறாரு!"