காணாமல் போன 213

சலான் 212-க்கு அடுத்து 214 இருந்தது. திருமூர்த்திக்குக் காலை டீ கசந்தது. அவருடைய பனியன் கம்பெனியிலிருந்து துணி வெளியே போவதே சலானை வைத்துத்தான். 213 இல்லையென்றால், ஒரு லோடு துணி எங்கோ போயிருக்கிறது.

"ஏங்கண்ணு நாகஜோதி, எரநூத்திப் பதிமூணு எங்க போச்சு?"

தேனியிலிருந்து பிழைக்க வந்து, கம்ப்யூட்டரில் சலான் போடும் பெண் அவள்.

"அடிக்கும்போது கரண்டு போயிருச்சு மொதலாளி. நம்பர் தானா அடுத்ததுக்குப் போயிருச்சு."

தானாகவாம்! யாராவது கொண்டுபோகாமல் ஒரு பொருள் தானாகப் போய் திருமூர்த்தி பார்த்ததில்லை.

சாஃப்ட்வேர் எழுதிய ராஜ்கமலை அழைத்தார். "தானா நம்பர் விழறது வேண்டாங்க தம்பி. கையில அடிக்கற மாதிரி மாத்திக் குடுங்க."

"அப்பறம் ஒரே நம்பர் ரெண்டு தடவை விழுந்துருங்க."

"அதை நான் பாத்துக்கறனுங்க."

விழுந்தது. நாகஜோதி லீவு போட்ட அன்று முதலாளியே உட்கார்ந்து சலான் அடித்தார். சாயப்பட்டறைக்கு இரண்டு லோடு ஒரே நம்பரில் போய், வெளுக்கப் போன துணியும் சிவப்பாகத் திரும்பியது. அவள் லீவு போட்டதே இதற்குத்தானோ என்று அவருக்கு அடுத்த சந்தேகம்.

எண்கள் பழையபடி தானாக விழட்டும் என்று விட்டுவிட்டார். சந்தேகத்தை விடவில்லை. நாகஜோதி சாப்பிடப் போனதும் கம்ப்யூட்டர் அறைக்குள் நழுவுவார். புது சலானைத் திறந்து, வரும் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு மூடிவிடுவார். வாட்ச்மேன் கருப்புசாமியையும் ரகசியக் காவலுக்கு வைத்தார்.

"அந்த ரூமுக்குள்ள ஆரு போறாங்கன்னு பாத்து வெய்யுங்க. ஆருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

நிலைமை மோசமானது. அவர் மனப்பாடம் செய்த எண்களே குறிபார்த்துக் காணாமல் போயின. அவர் அடிக்கடி போய்ப் பார்த்தார். எண்கள் அடிக்கடி தொலைந்தன. தன் மனதையே யாரோ வேவு பார்ப்பதாக அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"நாளையிலிருந்து வர வேண்டாம் கண்ணு."

நாகஜோதி அழுதேவிட்டாள். "திருடின்னு பேரு வந்துட்டா திருப்பூர்ல எவன் வேலை குடுப்பான் மொதலாளி? அந்த சாஃப்ட்வேர் சாரை ஒரு வார்த்தை கேளுங்க."

ராஜ்கமல் வந்து பார்த்துச் சிரித்தான். "துணியெல்லாம் சரியா இருக்குதுங்க. புது சலானைத் தொறந்தாவே ஒரு நம்பர் செலவாயிருங்க. சேவ் பண்ணாம மூடினா அது திரும்ப வராது. ஆரோ சும்மா தொறந்து தொறந்து மூடறாங்க."

திருமூர்த்தி துள்ளி எழுந்தார். "அப்பிடிச் சொல்லுங்க! கருப்புசாமீ, இந்தப் புள்ள சாப்படப் போனப்பறம் அந்த ரூமுக்குள்ள போனது ஆரு? பயப்படாம எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க!"

கருப்புசாமி தலையைச் சொறிந்தார்.

"ஆருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னீங்க, அதனால உங்ககிட்டயும் சொல்லலீங்க... தெனமும் நீங்கதானுங்க மொதலாளி போனீங்க."