ஐம்பது மீட்டர்ப் போரும் அப்பாவின் வாயும்

வாழ்க தொகாஷி கென்சுகே! மொரியோகா மாநகரின் குடிநீர்க் குழாய்களைக் கட்டிக் காப்பவனே, புறப்பட்டுவிட்ட ரயில்களைத் துரத்துவதன்றி வேறு ஓட்டம் அறியாதவனே, இடைவாரின் கடைசித் துளையையும் வென்றடக்கிய திருவயிற்றோனே, வாழ்க! உன் புகழைப் பாட வேறெவரும் முன்வராததால் நீயே பாட நேர்ந்தது, கேட்போர் பொறுத்தருள்க.

இவ்வீரனுக்குச் சிஹாரு என்றொரு மகள், இரண்டாம் வகுப்பினள். சென்ற ஆண்டுப் பள்ளி விளையாட்டு விழாவில், உடன் ஓடிய ஐவரும் எல்லை சேர்ந்து மூச்சுவாங்கி முடித்தபின், வெட்டவெளியில் தனியொருத்தியாக அவள் வந்தபோது, கடைசிவரை விடாமல் ஓடும்படி ஒலிபெருக்கி இரங்கிக் கேட்டுக்கொள்ள, திடல் முழுவதும் அன்பொழுகக் கைதட்டியது. அந்த அன்பு அவளுக்கு முள்ளாய்த் தைத்தது. இவ்வாண்டு விழா நெருங்கியதும் தந்தையிடம் வந்து விண்ணப்பித்தாள்.

"ஜெயிக்கல்லாம் வேணாம்பா. எல்லாரும் சேர்ந்து கைதட்டுவாங்கல்ல, அது மட்டும் வேணாம்."

கேட்டான் கென்சுகே, கொதித்தான், தலையில் துண்டு கட்டினான். மறுநாள் காலை கிதகாமி ஆற்றங்கரைப் புல்வெளியில், கழுத்தில் ஊதல் தொங்க, போர்முனையில் நிற்கும் தானைத்தலைவன்போல நின்று அவன் முழங்கிய ஆணைகள் எதிர்க்கரை வாத்துகளையும் எழுப்பின. முழங்கைகள் பின்னோக்கிப் பாய்க! முட்டிகள் விண்ணோக்கி எழுக! பச்சை முட்டையைப் பற்றியதுபோல் விரல்கள் மெல்ல மூடுக! செய்தும் காட்ட எண்ணிப் புயலெனப் புறப்பட்டவனை, உலாவ வந்த ஒரு கிழநாய் அவசரமின்றி முந்திச் சென்றது. அடுத்த கணம் அவனது கெண்டைக்கால் கலகக்கொடி உயர்த்தியது. படையின் ஒரே சிப்பாய் புல்லில் மண்டியிட்டுத் தளபதியின் காலை நீவிவிட்டாள்.

ஆயினும் ஒரு விந்தை. வீட்டில் மறந்த தண்ணீர்ப் புட்டியை எடுக்கத் தானாக ஓடும்போது அம்பாய்ப் பறந்தவள், அவன் முழங்கிய போதெல்லாம் காற்றில் அகப்பட்ட காகிதம்போலக் கோணிக்கொண்டு வந்தாள். புட்டியோடு கூடவே வந்து நின்ற மனைவி மசுமி சற்று நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினாள்.

"என்னங்க, நீங்க கத்துறப்போல்லாம் அவ தலை உங்க பக்கம் திரும்புது. வாயாலயே ஓடலாம்னா நீங்க தங்கமே வாங்கியிருப்பீங்க."

ஏன் திரும்புகிறாய் என்று தந்தை வினவ, மகள் வியந்துபோய் அவனைப் பார்த்தாள்.

"அப்பா பேசுறப்போ மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

ஆம், உணவு மேசையில் அவனே அருளிய அறம் அது. பகைவன் முழங்கையுமல்லன், முட்டியுமல்லன். நம் வீரனின் மூக்குக்குக் கீழேயே பாசறை அமைத்திருந்தான். ஊதலைக் கழற்றிப் பையிலிட்ட கென்சுகே, கரையோரம் சிவப்புத் துணி கட்டி நிற்கும், பிள்ளைகளைக் காக்கும் கல் தெய்வமாம் ஜிசோவின் முன் கைகூப்பி, மகளுக்கு விரைவு வேண்டாது தனக்கு ஊமை வரம் வேண்டினான்.

விழா நாள் வந்தது. வெடி முழங்கியது. அறுவர் பாய்ந்தனர். மகளின் முழங்கை சற்றே விரியக் கண்ட கணத்தில், அவன் நெஞ்சிலிருந்து திருத்தங்கள் யாவும் அணையுடைத்த வெள்ளமாய்த் திரண்டு, தொண்டைக் கணவாயைக் கடந்து, பல்லரணை மோதி, இதழ்க் கதவைத் திறந்தேவிட்ட அந்த நொடியில், பாயில் பக்கத்திலிருந்து மின்னலென நீண்ட மசுமியின் கரம், புளிப்புப் பிளம் பொதிந்த முழுச் சோற்றுருண்டை ஒன்றை அவ்வாயிலில் அறைந்து அடைத்தது. கண்ணில் நீர் பெருக, கன்னம் இரண்டும் முரசென வீங்க, வீரன் மௌனம் காத்தான். எவர் முகத்தையும் பாராமல், எல்லையை மட்டுமே பார்த்து, முன்னே சென்ற சிறுமியின் நிழலை மிதித்தபடியே சிஹாரு வந்தாள். ஒலிபெருக்கி இரங்கத் தொடங்குமுன் அறுவரும் ஒரு கொத்தாய்க் கோட்டைக் கடந்துவிட்டனர்.

சிஹாரு கடைசியாகத்தான் வந்தாள், யாரும் கைதட்டவில்லை.