ஊதாதே சாரும் என் ரத்தத்தில் நெளிந்த புழுவும்

என் ரத்தத்தில் புழு ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் முழுதாக நம்பியவன் நான். சும்மா இல்லை, இன்ஷூரன்ஸ் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவிக்கு ஃபோன் போட்டுச் சொல்லும் அளவுக்கு நம்பினேன். இத்தனைக்கும் நான் கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன். அந்தப் புழுவை எனக்குக் காட்டியது மைக்ராஸ்கோப். அதை என்னிடமிருந்து பிடுங்கியவர் ஊதாதே சார்.

இந்தப் பெங்களூரில் எதையும் வாயால் ஊதாமல் வாழ்கிற ஒரே ஜீவன் ஊதாதே சார்தான். சந்தாபுராவைத் தாண்டி இருக்கும் எங்கள் கல்லூரியில் அவர் துறைத்தலைவர். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் அறைக்கதவில் மட்டும் இருக்கும். பிள்ளைகள் வாயில் அவர் ஊதாதே சார்தான்.

மைக்ராஸ்கோப் லென்ஸில் தூசி தெரிந்தால் மனிதனாகப் பிறந்த எவனும் முதலில் உதட்டைக் குவிப்பான். அந்த உதடு குவியும் நொடியில் லேபின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து இடி விழும்.

"ஊதாதே!"

கன்னடப் பிள்ளையாக இருந்தால் "ஊதபேடா!" உருது பேசும் பிள்ளையாக இருந்தால் "ஃபூக்னா நக்கோ!" மூன்று மொழியிலும் சுருதி ஒன்றுதான்.

"லென்ஸ் இன்னா உங்க வூட்டு அடுப்பாடா? நீ ஊதுனா தூசி போவாது. உன் எச்சில்தான் போயி ஒக்காரும். அது காஞ்சி, மிச்ச தூசியையும் கோந்து போட்டு ஒட்டிக்கும்."

வாய்க்குப் பதிலாக அவர் சட்டைப் பையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அமுக்கினால் புஸ்ஸென்று காற்று வரும். முதலில் குமிழ், பிறகு லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாள். கைக்குட்டையை எடுத்தவன் செத்தான். "கர்ச்சீப்பு மூக்குக்குப்பா. லென்ஸுக்கு மூக்கு இருக்கா?"

லேபைப் பூட்டும்போது ஹாஸ்டல் வார்டன் மாதிரி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். சின்ன லென்ஸ் கீழ்நோக்கி இருக்கிறதா, விளக்கு அணைந்ததா, உறை போட்டதா. மைக்ராஸ்கோப்பைத் தூக்கினால் ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். பழக்க தோஷத்தில் சாப்பாட்டு டப்பாவையும் அப்படியே தூக்கி வருவார். எதிரில் வருகிறவர்கள் தன்னால் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

கேன்டீனிலும் காபியை ஊத மாட்டார். சூடாக இருந்தால் குமிழை எடுத்து டம்ளர் மேல் நாலு அமுக்கு. புதிதாக வந்த கேன்டீன்காரர் அதைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"சார், காபிக்கு மருந்து அடிக்கிறீங்களா?"

"காத்துப்பா, வெறும் காத்து. நீ போயி வடையப் பாரு."

என் பிறந்தநாளுக்கு ஸ்டாஃப் ரூமில் கேக் வைத்தார்கள். நான் மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பவைத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு கை என் வாயைப் பொத்தியது. "இத்தினி பேரு துன்ற கேக்கு மேல எச்சில் துப்பப் போறியே வாத்தியாரே!" என்றவர் குமிழை எடுத்து மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசி ஒன்று மட்டும் அடம்பிடித்தது. ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கினார். மெழுகுவத்தி அணைந்தது. கிரீம் பறந்துபோய் பிரின்சிபாலின் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்தது. பதற்றமே இல்லாமல் பையிலிருந்து லென்ஸ் தாளை எடுத்து நீட்டினார். "வட்டமா துடைங்க சார். நடுவுலேர்ந்து வெளியே."

இதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு சாயங்காலம் என்னை ஹெப்பகோடியில் இறக்கிவிட ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் டிராஃபிக் போலீஸ் மடக்கி, குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியை நீட்டிக் கன்னடத்தில் ஊதச் சொன்னார்.

"ஊதி சார்."

"ஊதக்கூடாது."

"யாக்கே? ஏன் சார்?"

"எச்சில் தெறிக்கும்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத மனிதர், முழு போதையில் இருப்பவர் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார். சொன்னதோடு நிற்காமல் குமிழை எடுத்துக் கருவிக்குள் புஸ்ஸென்று அடித்தும் காட்டினார்.

"ரப்பர் குடிக்கலேன்னு தெரிஞ்சுபோச்சு சார்," என்றார் போலீஸ்காரர் கன்னடம் தோய்ந்த தமிழில். "நீவு குடிச்சிருக்கீங்களான்னு நான் பார்க்கணும்."

கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊதினார். கருவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் வாயைத் தாளால் துடைத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் சல்யூட் அடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இனி என் புழு.

அன்று முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ரத்த அணுக்கள் பார்க்கும் செய்முறை வகுப்பு. பிரின்சிபால் ஏதோ மீட்டிங்குக்கு அழைத்ததால் ஊதாதே சார் லேபில் இல்லை. வீரத்தைக் காட்ட என் விரலையே குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தத்தை இழுத்து, காயவைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தேன்.

சிவப்பணுக்கள் நடுவே நீளமாக, கறுப்பாக, வளைந்து ஒன்று கிடந்தது. கல்லூரி ரோட்டில் ஜல்லி லாரி ஒன்று தடதடத்துப் போனது. அது நெளிந்தது.

யானைக்கால்! மனசு அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த நோயின் புழு ராத்திரியில்தான் ரத்தத்துக்கு வரும் என்று எத்தனையோ வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அதற்கும் மனசு பதில் வைத்திருந்தது. இது எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்துப் புழு, இதற்கு ஷிஃப்ட் மாறியிருக்கும்.

சந்தேகத்துக்குச் சைத்ரா என்ற மாணவியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இந்த வார்ம் மாதிரி இருக்கே, இதையும் வரையணுமா?"

சாட்சியும் கிடைத்துவிட்டது. வராந்தாவுக்குப் போய் இரண்டு காலையும் ஒட்டிவைத்துப் பார்த்தேன். இடது கால் தெளிவாகப் பெரிதாக இருந்தது. மனைவிக்கு ஃபோன் போட்டு, பத்திரம் இருக்கும் தட்டைச் சொல்லி, "இடது கால் கனமா இருக்கு" என்றேன்.

"வலது கால் மட்டும் லேசாவா இருக்கு? ராத்திரி எத்தனை பரோட்டான்னு நினைச்சுப் பாருங்க," என்று வைத்துவிட்டாள்.

ஊதாதே சார் திரும்பி வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், என் ரத்தத்துல புழு. உயிரோட நெளியுது."

அவர் குனிந்து பார்த்தார்.

"ஸ்லைடு காஞ்சிதா?"

"காஞ்சுது சார்."

"சாயம் போட்டியா?"

"போட்டேன் சார்."

"அப்போ அதுல இருக்கிற எல்லாம் செத்துப்போச்சு. செத்த புழு எப்டி வாத்தியாரே டான்ஸ் ஆடும்?"

ஸ்லைடை மெல்ல நகர்த்தி என்னைப் பார்க்கச் சொன்னார். அணுக்கள் நகர்ந்தன. புழு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு, நாம் கண் வைக்கும் மேல் குழலை விரலால் திருப்பினார். அணுக்கள் அசையவில்லை. புழு கடிகார முள் மாதிரி சுற்றி வந்தது.

"உன் ரத்தம் எப்பப்பா இதுக்குள்ள ஏறுச்சி?"

குழலை உருவித் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். உள்விளிம்பில் நீல நூல் ஒன்று ஒரு முனை ஒட்டி, மறுமுனை லாரி அதிர்ந்தாலே ஆடும்படி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்வை மெல்ல இறங்கி, என் பையிலிருந்து எட்டிப் பார்த்த கைக்குட்டையின் நீலக் கரையில் நின்றது.

"ஊதுனியா?"

காலையில் மங்கலாகத் தெரிகிறதே என்று, அவர் இல்லாத தைரியத்தில், அந்தக் குழலைக் கழற்றிப் புல்லாங்குழல் மாதிரி ஊதி, கைக்குட்டை முனையைத் திருகி உள்ளே விட்டுத் துடைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூன்று மொழி இடிக்காகத் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பது பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடி விழவில்லை. குழலை அப்படியே மாட்டிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"உங்க சாரு இன்னா பண்ணிக்கிறாரு தெரியுமா? நீங்க எந்த அணுவ வரையணும்னு காட்ட உள்ள ஒரு பாயிண்டர் வெச்சிக்கிறாரு. அந்த முனை எதைத் தொடுதோ அத வரைங்க. சைத்ரா, பாயிண்டர வரையாதம்மா."

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அவரே அந்த நூலை நேராக்கி, ஒரு துளி கோந்து வைத்து நிலையாக ஒட்டினார். போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். குமிழ் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அந்த மைக்ராஸ்கோப்பில் பாயிண்டர் வைத்தது நான்தான் என்று புதுப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். அது என் கைக்குட்டை நூல். முதலில் அதை ஒட்டியது என் எச்சில். இதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.